முடியுரு நாடிகளைக் காண முயன்ற வரலாறு: சான்றுகளும் அவற்றின் எல்லைகளும்

வரலாறு பயிலும் மாணவர் எவரும் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுண்டு. ஒரு சான்று எதைச் சொல்லுகின்றது என்பதை அறிவதோடு, எதனைச் சொல்ல இயலாதது என்பதையும் அறிதல் வேண்டும் என்பதே அது. கோயிற் கல்வெட்டு நிலக்கொடையைச் சொல்லும். அந்நிலத்தில் உழுதவனின் பசியைச் சொல்லாது. கல்வெட்டிற் காணாமையால் பசியே இருந்ததில்லையென நாம் முடிவு கட்டுவோமாயின், பிழை கல்வெட்டினுடையதன்று. வைத்திய விஞ்ஞானத்தின் ஒரு துறை இந்த எளிய பாடத்தைப் பெருஞ் சிரமத்துடன் கற்றுக்கொண்ட கதையே இக்கட்டுரையின் பொருளாகும்.

கலைப்பீடத்தைச் சேர்ந்த ஒருவர் இருதயப் படங்களைப் பற்றி எழுதுதல் தகுமா என நண்பர் சிலர் வினவினர். இதற்குத் தூண்டுகோலாக அமைந்தவர் எமது பெரியப்பா. சென்ற ஆண்டு கொழும்பில் எடுத்த இருதய ஸ்கான் ஒன்றின் அறிக்கையுடன் அவர் எமது வீட்டிற்கு வந்தார். கல்சியம் அளவு பூச்சியம் என அதில் எழுதப்பட்டிருந்தது. “பூச்சியம் எண்டால் ஒண்டுமில்லை எண்டுதானே கருத்து?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாகப் புகைபிடிப்பவர் அவர். வீட்டில் ஆங்கிலம் படித்தவர் என்ற ஒரே தகுதியினால் வினா எம்மிடம் வந்தது. அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. நூலகத்திற் சில மாதங்களைச் செலவிட்ட பின்னர், அந்தப் பூச்சியத்துக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டென்பது தெரியவந்தது.

முதலில் சில அடிப்படைகளைக் கூறுதல் அவசியம். இருதயம் தன் அறைகளுள் நிறைந்து செல்லும் குருதியினால் தானே போசிக்கப்படுவதில்லை. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்து, மகுடம் போல இருதயத்தைச் சூழ்ந்து, அதன் தசைக்குக் குருதியை வழங்குகின்றன. முடியுரு நாடிகள் என்னும் பெயர் இதனாலேயே வந்தது. இவற்றின் விட்டம் இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் வரையிலேயே இருக்கும். இந்நாடிகளின் சுவரினுள்ளே கொழுப்பு, கொலஸ்திரோல், நார்ப்பொருள், சிதைந்த கலங்கள் முதலியன ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து படிவாகின்றன. காலப்போக்கில் அப்படிவிற் கல்சியமும் சேர்ந்து இறுகுகின்றது. இங்கு மூன்று வினாக்கள் எழும். சுவரில் எவ்வளவு படிந்திருக்கின்றது? உள்வழி எவ்வளவு ஒடுங்கியிருக்கின்றது? தசைக்குப் போய்ச் சேரும் குருதி எவ்வளவு குறைந்திருக்கின்றது? இவை மூன்றும் ஒரே வினாவின் மூன்று வடிவங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

கத்தியும் கல்லும்

நோயின் குறிகளை முதன்முதலில் தெளிவாக எழுதியவர் இலண்டன் வைத்தியரான வில்லியம் ஹெபர்டன். 1768ஆம் ஆண்டில் அரச வைத்தியக் கல்லூரியில் அவர் வாசித்த உரை 1772இல் அச்சேறியது. நடக்கும்போது, சிறப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவருந்திய பின் நடக்கும்போதும், நெஞ்சைப் பிடித்து நெரிப்பது போன்ற நோவு உண்டாவதையும், நின்றவுடன் அது மறைந்துவிடுவதையும் அவர் வருணித்தார். இன்றைய வைத்திய மாணவர்க்கும் பயன்படத்தக்க வருணனை அது. ஆயினும் நோவின் காரணம் முடியுரு நாடிகளில் உள்ளதென்பது ஹெபர்டனுக்குத் தெரியாது.

அதனைக் கண்டவர், பின்னாளில் அம்மைப்பால் குத்தும் முறையினாற் புகழ்பெற்ற எட்வேட் ஜென்னரே. நெஞ்சு நோவினால் இறந்த ஒருவரின் உடலை அறுத்துச் சோதித்தபோது அவரது கத்தி ஏதோ கடினமான, மணல்போல் நறநறத்த பொருளில் மோதி வாய் மழுங்கியது. அக்கட்டடம் பழையது, கூரையிலிருந்து சாந்து உதிர்ந்து இருதயத்துள் விழுந்துவிட்டதென்று எண்ணி அவர் மேலே அண்ணாந்து பார்த்தாராம். பின்னர் உற்று நோக்கியபோது முடியுரு நாடிகளே எலும்புக் குழாய்கள் போல இறுகியிருக்கக் கண்டார். இச்செய்தியை அவர் தம் நண்பரான கேலப் பரிக்கு எழுத, பரி 1799இல் வெளியிட்ட தமது நூலில் அதனைச் சேர்த்துக்கொண்டார்.

ஜென்னர் இதனை ஏன் தாமே முன்னதாக வெளியிடவில்லை என்பதற்கான காரணம் மனத்தைத் தொடுவது. அவருடைய ஆசிரியரும் அக்காலத்தின் தலைசிறந்த சத்திரவைத்தியருமான ஜோன் ஹன்ரருக்கே இந்நோய் இருந்தது. தம் கண்டுபிடிப்பை வெளியிட்டால் ஆசிரியர் தமது முடிவைத் தாமே வாசித்து அறிந்துகொள்வார் என்று மாணவர் அஞ்சினார். ஹன்ரர் 1793 ஒக்ரோபர் 16ஆம் நாள் சென். ஜோர்ஜ் வைத்தியசாலையில் நடந்த கூட்டமொன்றில் வாக்குவாதப்பட்ட சிறிது நேரத்தில் வீழ்ந்து இறந்தார். உடலைச் சோதித்தபோது ஜென்னர் அஞ்சியவாறே முடியுரு நாடிகள் இறுகியிருந்தன. அறிந்ததைச் சொல்லாது விடுவதும் சில வேளைகளில் அன்பாகக் கருதப்பட்ட காலம் அது. நோய்க்கு மருந்தில்லாத நிலையில் அதனைக் குறைகூறவும் மனம் வரவில்லை.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஜென்னரின் கத்தி மோதியது நாடியின் சுவரிலுள்ள கல்சியத்தில். அதாவது இந்நோய் பற்றிய முதற் சான்று சுவரைப் பற்றியதே. ஆனால் அச்சான்று இறந்தவரிடமிருந்து மட்டுமே கிடைக்கத்தக்கதாக இருந்தது. அடுத்த நூறாண்டிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1912இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக், முடியுரு நாடி திடீரென அடைபட்ட போதிலும் ஒருவர் உயிர் பிழைத்திருக்கக்கூடும் என்று காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டில் ரஷ்யாவின் நிக்கொலாய் அனிச்கோவ், கொலஸ்திரோல் ஊட்டப்பட்ட முயல்களின் நாடிகளிற் கொழுப்புப் படிவதைக் காட்டினார். உயிரோடிருப்பவரின் முடியுரு நாடியைக் காண்பதற்கோ வழியில்லை. 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ் கதிர் எலும்பை நன்கு காட்டிற்று. குருதியும் நாடிச் சுவரும் தசையும் அதற்கு ஒரே நிழலாகவே தெரிந்தன.

நிழலைக் கண்டு நோயென்றமை

1929ஆம் ஆண்டில் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் என்னும் சிறு நகரத்தில் வேர்ணர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் செய்த காரியம் இன்றும் வியப்பளிப்பது. மேலதிகாரி தடுத்திருந்தும், தம் கையிலுள்ள நாளமொன்றை வெட்டி, மெல்லிய றப்பர்க் குழாயொன்றை 65 சென்ரிமீற்றர் வரை உட்செலுத்தி, அந்நிலையிலேயே மாடிப்படி இறங்கி எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று, குழாயின் நுனி தம் இருதயத்துள் இருப்பதைப் படமெடுத்தார். கருவிகளைத் திறந்து கொடுத்த தாதி, சோதனை தம்மீதே செய்யப்படப்போகின்றதென நம்பி மேசையிற் கட்டுண்டு கிடந்தார் என்பது கதையின் உபகதை. போர்ஸ்மனுக்கு அக்காலத்தில் ஏளனமே கிடைத்தது. 1956இல் கூர்ணான், றிச்சாட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ஒரு சிறு நகரத்திற் சாதாரண வைத்தியராக இருந்தார்.

கதீற்றர் எனப்பட்ட இக்குழாய் இருதயத்தின் அறைகளுக்குட் சென்றது. முடியுரு நாடியினுள்ளே செல்ல எவரும் துணியவில்லை. எக்ஸ் கதிரிற் தெரியும் சாயத்தை அந்நாடியினுள் நேரே செலுத்தினால் அக்கணமே மரணம் நேருமென்று நம்பினர். அந்நம்பிக்கை தகர்ந்ததும் ஒரு தவறினாலேயே. 1958 ஒக்ரோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்பவர் 26 வயதான இளைஞர் ஒருவரின் பெருநாடி வால்வைப் படமெடுக்க முயன்றார். குழாயின் நுனி எதிர்பாராத வகையில் வலது முடியுரு நாடியின் வாயினுள் நழுவிப்போக, சாயத்தின் பெரும்பகுதி அதற்குள் பாய்ந்தது. குழாயை இழுக்கும்படி சோன்ஸ் கத்தினார். சில விநாடிகள் இருதயம் நின்றுவிட்டது. நோயாளியை இருமச் செய்தனர். இருதயம் மீண்டும் துடித்தது. இளைஞர் பிழைத்தார். உயிரோடுள்ள ஒருவரின் முடியுரு நாடி கிளைகளுடன் திரையிற் தெளிவாகத் தெரிந்தது அன்றுதான்.

அதன்பின் வேகம் அதிகம். 1967இல் அதே கிளீவ்லண்டில், ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த றெனே பவலோறோ, காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட பகுதிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தார். 1977 செப்ரெம்பர் 16ஆம் நாள் சூரிச் நகரில் அன்றியாஸ் குறுன்ற்சிக் சிறு பலூன் ஒன்றினால் ஒடுங்கிய நாடியை விரித்தார். பின்னர் அவ்விடத்தில் உலோக வலைக்குழாய்களை வைத்து வரும் முறையும் பரவியது. எண்ணற்றோரின் நெஞ்சு நோவை இவை தீர்த்தன என்பதிலும், மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் வேளையில் அடைப்பை உடனே திறப்பது உயிர் காக்கும் என்பதிலும் ஐயமில்லை.

எனினும் இக்காலத்திலேயே ஒரு கருத்து மயக்கம் வேரூன்றிவிட்டது. சோன்ஸின் முறை காட்டியது நாடியை அன்று; நாடியினுள்ளே ஓடிய சாயத்தின் நிழலையே. அந்நிழல் எங்கு ஒடுங்குகின்றதோ அங்கு நோய். எங்கு ஒடுங்கவில்லையோ அங்கு நோயில்லை என்று வாசித்தனர். ஆற்றின் நீர்ப்பரப்பை மட்டும் பார்த்துக் கரை அரிக்கப்பட்டிருக்கின்றதா என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். “எழுபது சதவீத ஒடுக்கம்” என்றாற் போன்ற எண்கள் தீர்ப்பின் தோற்றத்தைப் பெற்றன. ஆனால் ஒரே படத்தை அனுபவமிக்க வைத்தியர்கள் வெவ்வேறாக வாசித்ததை 1970களின் நடுப்பகுதியில் வெளிவந்த ஆய்வுகளே காட்டின. 1984இல் ஐயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் சத்திரசிகிச்சையின்போது திறந்த இருதயத்திலேயே குருதியோட்டத்தை அளந்தனர். படத்திற் கண்ட சதவீதத்துக்கும் உண்மையான ஓட்டத்துக்கும் இடையே நம்பத்தக்க தொடர்பு இல்லாதிருந்தது.

இதனிலும் பெரிய அடி 1987இல் விழுந்தது. சிக்காகோவின் சீமோர் கிளாகோவ் என்பவரும் உடனுழைத்தோரும் 136 மனித இருதயங்களின் இடது பிரதான முடியுரு நாடியைச் சோதித்தனர். படிவு வளரும்போது நாடி உட்புறமாக ஒடுங்குவதற்கு முன்னர் வெளிப்புறமாக விரிந்து இடங்கொடுக்கின்றது என்றும், சுவரின் எல்லைக்குட்பட்ட பரப்பில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை உள்வழி பெரும்பாலும் குறைவதில்லை என்றும் அவர்கள் கண்டனர். அவ்வாறாயின் நிழற்படத்திற் செம்மையாகத் தோன்றும் நாடியின் சுவர் முழுவதும் நோய் நிறைந்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டில், மாரடைப்புக்கு முன்னரும் பின்னரும் நிழற்படம் எடுக்கப்பட்டிருந்தவர்களின் படங்கள் ஒப்புநோக்கப்பட்டன. பின்னாளில் அடைபட்ட இடங்களிற் பெரும்பாலானவை முன்னைய படத்தில் பாதிகூட ஒடுங்காதிருந்தவையே. படிவு சிறிதாயினும் அதன் மெல்லிய மூடி வெடித்தால், அவ்விடத்திற் குருதி உறைந்து நாடி சில நிமிடங்களில் அடைபட்டுவிடும்.

இத்தகைய சான்று முன்னரே இல்லாதிருந்தது என்றுங் கூறமுடியாது. 1953இல் கொரிய யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரரின் இருதயங்களைச் சோதித்தவர்கள், சராசரி வயது இருபத்திரண்டேயான அவர்களில் 77 சதவீதமானோரின் முடியுரு நாடிகளிற் கண்ணுக்குப் புலனாகும் நோய்மாற்றம் இருந்ததென எழுதியிருந்தனர். எம் வயதை ஒத்தவர்கள்! கத்தி மீண்டும் சுவரைப் பற்றிப் பேசியிருந்தது. ஐந்தாண்டுகளின் பின் வந்த ஒளிரும் திரை அப்பேச்சை மறக்கச் செய்துவிட்டதோ என எண்ணத் தோன்றுகின்றது.

ஓட்டத்தை அளந்தோர்

மூன்றாம் வினாவான குருதியோட்டத்தை நோக்குவோம். 1974இல் லான்ஸ் கூல்ட் என்பவர் நாய்களின் முடியுரு நாடியைச் சிறிது சிறிதாக இறுக்கிப் பார்த்தார். ஓய்வுநிலையில், விட்டத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒடுங்கும்வரை ஓட்டம் குறையவில்லை. காரணம், ஒடுக்கத்துக்கு அப்பாலுள்ள நுண்ணிய நாடிகள் தாமே விரிந்து ஈடுசெய்கின்றன. ஆனால் இருதயம் முழு வேலை செய்யும் நிலையில், பாதியளவு ஒடுக்கத்திலேயே குறைவு வெளிப்பட்டது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் ஈ.சி.ஜி. செம்மையாக இருப்பதும், அதே மனிதர் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதனாலேயே. ஆகவே இருதயத்தை உழைக்கச் செய்தே அதனைச் சோதிக்க வேண்டும். சியாற்றில் நகரின் றொபேட் புரூஸ் 1963இல் வகுத்த, ஓடும் பட்டியில் நோயாளியைப் படிப்படியாக வேகமாக நடக்கச் செய்யும் முறை இதற்கு வழிவகுத்திருந்தது.

1970களின் நடுப்பகுதியிலே தாலியம்-201 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பதார்த்தம் கைக்கு வந்தது. உடல் இதனைப் பொற்றாசியம் போலவே நடத்துகின்றது. உயிருள்ள இருதயத் தசைக்கலங்கள், தமக்கு வந்து சேரும் குருதியின் அளவுக்கேற்ப இதனை உள்ளெடுக்கின்றன. நோயாளி களைக்க நடந்த வேளையில் ஊசி மூலம் ஏற்றி, பின்னர் காமாக் கமராவின் கீழ் கிடத்தினால், குருதி குறைந்த தசைப்பகுதி ஒளி குன்றித் தோன்றும். சில மணிநேரத்தின் பின் எடுக்கும் படத்தில் அவ்விடம் நிரம்பிவிட்டால் தசை உயிருடனிருக்கின்றது, குருதிதான் போதவில்லை என்று பொருள். நிரம்பாவிட்டால் அது பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. பிற்காலத்தில் தாலியத்தின் இடத்தை ஆறு மணிநேர அரைவாழ்வுக் காலமுள்ள தெக்னீசியம்-99m பெருமளவிற்குப் பிடித்துக்கொண்டது. பொசித்திரன் கமராவோ இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் குருதி என்று எண்ணாகவே தருகின்றது. நலமுள்ள இருதயத்தில் இது ஓய்விலே ஏறத்தாழ ஒன்று; உழைப்பில் மூன்று, நான்கு மடங்காகும்.

இம்முறைக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. தாலியப் படம் ஒப்பீட்டுப் படம். தசையின் ஒரு பகுதியை மறுபகுதியுடன் ஒப்பிட்டே குறையைக் காட்டும். மூன்று நாடிகளும் ஒரே அளவிற் பழுதடைந்திருந்தால் எங்கும் ஒரேவிதமாகத் தோன்றும். ஊர் முழுவதும் வறுமையாயின் அங்கு ஏழையெனத் தனித்துத் தெரிபவர் யார்?

மீண்டும் சுவருக்கு

பொறியியலாளரான கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட், இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் உருவாக்கிய கருவியினால் 1971 ஒக்ரோபர் 1ஆம் நாள் இலண்டனின் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, வெளிவரும் அளவுகளைக் கொண்டு உள்ளமைப்பைக் கணனி மூலம் கட்டியெழுப்புவதே சி.ரி. ஸ்கான். இதன் கணிதத்தைத் தனியே வகுத்திருந்த அலன் கோர்மாக்குடன் 1979இல் ஹவுன்ஸ்பீல்ட் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் குறிக்கும் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. நீருக்குப் பூச்சியம், வளிக்கு எதிர் ஆயிரம், எலும்புக்குப் பல நூறு.

மூளை அசையாது, இருதயமோ ஓயாது. முதற் கருவிக்கு ஒரு குறுக்குவெட்டைப் படமெடுக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. அதற்குள் இருதயம் முந்நூற்றைம்பது தடவை துடித்துவிடும். இதனைத் தீர்க்க டக்ளஸ் பொயிட் என்பவர் 1980களின் தொடக்கத்தில், சுழலும் பாகமே இல்லாது, இலத்திரன் கற்றையை வளையமொன்றின்மீது வீசிச்சென்று எக்ஸ் கதிரை உண்டாக்கும் கருவியைச் செய்தார். ஒரு படத்துக்குப் பத்தில் ஒரு விநாடி போதுமானதாயிற்று. அதைக் கொண்டு ஆதர் அகற்ஸ்ரனும் வாரன் ஜனோவிற்சும் பிறரும் 1990இல் வெளியிட்ட கணிப்புமுறையே பெரியப்பாவின் அறிக்கையிற் கண்ட எண்ணின் மூலம்.

கணிப்பு எளிது. 130 ஹவுன்ஸ்பீல்ட் அலகுக்கு மேற்பட்ட வெண்புள்ளி கல்சியமெனக் கொள்ளப்படும். அதன் பரப்பைச் சதுர மில்லிமீற்றரில் அளந்து, அடர்த்திக்கேற்ப ஒன்று முதல் நான்கு வரையான எண்ணாற் பெருக்கவேண்டும். ஐந்து சதுர மில்லிமீற்றர் பரப்பும் 250 அலகு அடர்த்தியுமுள்ள புள்ளிக்கு இரண்டாற் பெருக்கப் பத்து வரும். எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் அதுவே அளவு. நானூறைத் தாண்டினால் ஆபத்து மிகுதி. சாயம் வேண்டியதில்லை, குழாய் வேண்டியதில்லை. ஜென்னரின் கத்தியை மழுங்கச் செய்த அதே பொருள், ஏறத்தாழ இருநூறாண்டின் பின், உயிரோடிருப்பவரிடம் எண்ணாக அளக்கப்பட்டது.

2004ஆம் ஆண்டளவில் ஒரே சுழற்சியில் 64 குறுக்குவெட்டுகளை எடுக்கும் கருவிகள் வந்தபின், கைநாளத்திற் சாயம் ஏற்றி முடியுரு நாடியின் உள்வழியையும் சுவரையும், கல்சியம் சேராத மென்படிவையுங்கூட, ஒருங்கே காண முடிந்தது. இதன் பயனைச் சோதித்தது ஸ்கொற்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வு. நெஞ்சு நோவுடன் வந்தவர்களில் ஒரு சாராருக்கு வழமையான சோதனைகள் மட்டும். மறுசாராருக்கு அவற்றுடன் சி.ரி. படமும். 2018இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவின்படி, முடியுரு நாடி நோயால் இறந்தோரும் மாரடைப்புக்கு உள்ளானோரும் முதற் சாராரில் 3.9 சதவீதம், மறுசாராரில் 2.3 சதவீதம். சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கையில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர். ஆகவே வேறுபாட்டை விளைத்தது கத்தியன்று. சுவரிற் படிவைக் கண்டபின் தொடங்கப்பட்ட மருந்துகளே எனக் கருதப்படுகின்றது.

அடுத்த ஆண்டில் அறிவிக்கப்பட்ட வேறொரு பேராய்வு ஓட்டத்தை நம்பியோரைத் திகைக்க வைத்தது. 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 நோயாளிகள் அதிற் பங்குபற்றினர். அனைவருக்கும் உழைப்புச் சோதனையில் குருதிக் குறைவு கணிசமாக இருந்தது. ஆயினும் நோய் நிலைபெற்றிருந்தது. ஒரு பகுதியினருக்கு நிழற்படமும் பைபாஸ் அல்லது வலைக்குழாயும். மறுபகுதியினருக்கு மருந்தே முதல். இறப்பிலோ மாரடைப்பிலோ இரு பகுதியினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோவு தீர்ந்தமையில் முதற் பகுதியினர் மேம்பட்டிருந்தனர். அது சிறு பயனன்று. ஆனால் 2021இல் அதே ஆய்வின் தரவுகளை மீண்டும் நோக்கியபோது, மரணத்தோடு தொடர்புற்றிருந்தது குருதிக் குறைவின் அளவன்று, நாடிகளெங்கும் நோய் பரவியிருந்த அளவே என்பது தெரிந்தது. நோவை விளக்குவது ஓட்டம். ஆயுளை விளக்குவது சுவர். இவ்வாறு கூறுவது சற்று மிகையாகலாம். ஆயினும் இப்போதைய சான்று சாயும் பக்கம் இதுவே என்பது எமது துணிபு.

வரலாற்று மாணவர்க்கு இக்கருவி வேறொரு விருந்தையும் வைத்தது. 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில் எகிப்து, பெரு, வட அமெரிக்கா, அலூசியன் தீவுகள் ஆகிய இடங்களின் 137 பதனிட்ட உடல்கள் சி.ரி. கருவியுட் செலுத்தப்பட்டன. மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டவற்றின் நாடிகளில் படிவின் அடையாளம் இருந்தது. கி.மு. 16ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த எகிப்திய இளவரசி ஒருவரின் முடியுரு நாடிகளிலும் அது காணப்பட்டது. இந்நோய் நவீன வாழ்வின் சாபமென்போர்க்கு இது விடையென்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் 2017இல் பொலிவியக் காட்டில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களில் 705 பேரைப் படமெடுத்தபோது, 85 சதவீதமானோரின் கல்சியம் அளவு பூச்சியம். இரு சான்றுகளையும் ஒருங்கே வைத்தே வாசித்தல் வேண்டும். பதனிட்ட உடலிற் கொழுப்பு நிற்பதில்லை; கல்சியமே நிற்கின்றது. பதனிடப்பட்டவருள் எகிப்தியர் பெரும்பாலும் உயர்குடியினர். உழுதவன் பசி இங்கும் கல்வெட்டில் இல்லை.

இனிப் பெரியப்பாவின் பூச்சியம். கல்சியம் என்பது படிவின் முதிர்ந்த நிலை. மென்படிவு இந்தக் கணிப்பில் விழாது. 2020இல் ஸ்கொற்லாந்து ஆய்வினரே வெளியிட்ட முடிவின்படி மாரடைப்பைக் கூடுதலாக முன்னறிவித்தது அடர்த்தி குறைந்த அந்த மென்படிவே. கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகளை உண்போரிடம் கல்சியம் அளவு சில வேளை கூடுவதும் உண்டு. படிவு இறுகி ஆபத்துக் குறையும்போது எண் மட்டும் ஏறும். நோய்க்குறி அற்ற ஒருவருக்குப் பூச்சியம் நல்ல செய்திதான். அடுத்த பல ஆண்டுகளுக்கு ஆபத்துக் குறைவு. ஆயினும் 2018ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல், பூச்சியம் கண்டு மருந்தைப் பிற்போடலாமென்ற விதியிலிருந்து நீரிழிவுடையோரையும் புகைபிடிப்போரையும் இளவயது மாரடைப்புள்ள குடும்பத்தினரையும் விலக்கியிருக்கின்றது. இதனைச் சொன்னபோது பெரியப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுருட்டை மட்டும் எடுக்காமல் எழுந்து போனார்.

அவ்வறிக்கையில் எம்மை உறுத்திய இன்னொரு வரியும் இருந்தது. அவருடைய வயதையும் பாலையும் சேர்ந்த பிறருடன் ஒப்பிட்டு அவரது அளவு எவ்விடத்தில் நிற்கின்றதெனக் கூறும் வரி அது. அந்தப் “பிறர்” யாவர்? இத்தகைய ஒப்பீட்டுக்குப் பெரிதும் கையாளப்படும் அட்டவணைகள், 2000 முதல் 2002 வரை அமெரிக்காவின் ஆறு பகுதிகளிற் சேர்க்கப்பட்ட 6,814 பேரிலிருந்து பெறப்பட்டவை. வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீனர் என நான்கு பிரிவினர் அதில் இருந்தனர், தெற்காசியர் இல்லை. முதல் மாரடைப்புத் தெற்காசியரைப் பிறரிலும் ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாக, சராசரி 53 வயதிலேயே தாக்குகின்றதென, இலங்கையும் இடம்பெற்ற ஆய்வொன்று 2007இற் கூறியிருந்தது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியருக்கென 2010இலேயே தனியாய்வு தொடங்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ, சிக்காகோ ஆகிய இரு பகுதிகளிலிருந்து 906 பேர் அதிற் சேர்ந்தனர். அவர்களும் அங்கு உண்டு, அங்கு உழைத்து, அங்குள்ள வைத்தியரிடம் செல்பவர்கள். பெரியப்பாவின் அறிக்கையில் அவ்வரிக்குக் கீழே எந்த அட்டவணை பயன்படுத்தப்பட்டதென்ற குறிப்பு இல்லை.